எலுமிச்சைக்கு இடக்கை கிடையாது

பதினோரு வருடம் வகுப்பில் ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரிந்து சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் சொன்னேன், அதுவும் பரிசோதனைச் சாலைக்குப் பத்தடி தள்ளி இருக்கும் வகுப்பறையில் நின்றுகொண்டு. இளங்கலை வேதியியல் இரண்டாம் ஆண்டில் முப்பரிமாண வேதியியல் பாடம் எப்படியோ ஒவ்வொரு வருடமும் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் மணி நேரத்தில்தான் வந்து விழும். பாதிப் பேருக்குக் கண் சொருகும். அந்த நேரத்துக்கென்றே ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: "ஆரஞ்சில் இருக்கிற லிமோனீனும் எலுமிச்சையில் இருக்கிற லிமோனீனும் ஒன்றுக்கு ஒன்று கண்ணாடி பிம்பம். வேறு வித்தியாசமே இல்லை. அதனால்தான் அது ஆரஞ்சாகவும் இது எலுமிச்சையாகவும் மணக்கின்றன." சொன்னவுடன் நாலு பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. (லிமோனீன் என்பது இந்தப் பழத் தோல்களின் எண்ணெயில் அதிகம் இருக்கும் மூலக்கூறு.) அது எப்படி உடைந்தது, உடைத்துப் பார்த்தபோது உள்ளே என்ன இருந்தது, வடிவத்துக்கும் மணத்துக்கும் உண்மையில் உறவு உண்டா என்பதெல்லாம்.

உடைத்தது ஒரு மாணவி. கடைசி பெஞ்ச். "சார், எங்க வீட்ல லெமன் கிராஸ் வச்சிருக்கோம், டீயில போடுவோம். அதுவும் லெமன் மாதிரிதான் வாசம் வருது. அதுலயும் இந்த லிமோனீன்தானா சார்?" என்று கேட்டார். "ஆமா, இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆசிரியர்களுக்கு வாயில் வரும் "இருக்கும்" என்ற சொல்லைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

அன்று ராத்திரி உறுத்தியது. எடுத்துப் பார்த்தால், எலுமிச்சைப் புல் எண்ணெயில் முக்கால் பங்கு அளவுக்கு இருப்பது சிட்ரால். லிமோனீன் பெயருக்குக் கொஞ்சம்தான். சரி, அப்படியானால் எலுமிச்சைப் பழத் தோலில்? அங்கேயும் சிட்ரால் இருக்கிறது, சில விழுக்காடுதான், ஆனால் மூக்கைப் பிடித்து இழுப்பது அந்தச் சில விழுக்காடு. சிட்ரால் என்பது ஜெரேனியல், நெரல் என்ற இரண்டின் கலவை. இரண்டிலும் கைரல் கார்பன் ஒன்றுகூட இல்லை. அதாவது எலுமிச்சை மணத்தின் உயிர்நாடியாக இருக்கும் மூலக்கூறுக்குக் கண்ணாடி பிம்பம் என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது. கண்ணாடியில் காட்டினால் அதேதான் திரும்பத் தெரியும். நான் பதினோரு வருடமாக இடக்கை, வலக்கை என்று பேசிக்கொண்டிருந்தது கையே இல்லாத ஒரு மூலக்கூறு கிளப்பும் மணத்தைப் பற்றி.

கை என்று எதைச் சொல்கிறேன் என்பதை வேதியியல் படிக்காதவர்களுக்காக ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கடலில் கிடைக்கும் சங்கு ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. அபூர்வமாக ஒன்று எதிர்ப்பக்கம் சுழன்று வளர்ந்தால் அது வலம்புரி, விலை எங்கேயோ போய்விடும். இரண்டும் ஒரே சுண்ணாம்பு, ஒரே எடை இருக்கலாம், ஒரே நீளம் இருக்கலாம், ஆனால் எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்று மற்றொன்றின் மேல் பொருந்தாது. ஒரு கார்பனைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் உட்கார்ந்தால் மூலக்கூறுக்கும் இதே கதி. அந்தக் கார்பனைத்தான் கைரல் கார்பன் என்கிறோம். இந்த இரட்டையர்களுக்குக் கொதிநிலை ஒன்று, அடர்த்தி ஒன்று, அகச்சிவப்பு நிறமாலை ஒன்று. ஒருதிசை முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, உள்ளே விட்டால் மட்டும் ஒன்று வலப்பக்கம் திருப்பும் (வலஞ்சுழி), மற்றது அதே அளவு இடப்பக்கம் திருப்பும் (இடஞ்சுழி). 1848இல் இருபத்தைந்து வயது லூயி பாஸ்டர் டார்ட்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, இடது வலது என்று இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துக் காட்டியதிலிருந்து இது தெரிந்த விஷயம். (விலங்கியல்காரர்கள் நம் வலம்புரியை 'இடப்பக்கம் சுழல்வது' என்றுதான் வகைப்படுத்துவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. வேதியியலிலும் இதே தலைவலி உண்டு: தொகுதிகளின் அமைப்பை வைத்துக் கொடுக்கும் ஆர், எஸ் என்ற பெயரும் வலஞ்சுழி, இடஞ்சுழி என்ற பெயரும் சேர்ந்து போக வேண்டிய கட்டாயம் இல்லை.)

சரி, பரிசோதனை. மறுவாரம் கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜூஸ் கடையில் சொல்லிவைத்து, இரண்டு வாளி நிறையத் தோல் வாங்கி வந்தோம், ஒன்று ஆரஞ்சு, ஒன்று எலுமிச்சை. கடைக்காரர் காசு வாங்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை, கல்லூரிக்காரர்கள் இப்படித்தான் என்று பழகிவிட்டார் போல. தோலை நறுக்கித் தண்ணீரில் போட்டு, கிளெவெஞ்சர் கருவியில் மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு எண்ணெயைப் பிரித்தோம். இரண்டிலும் சில மில்லி லிட்டர் தேறியது. ஆல்கஹாலில் கரைத்துக் குழாயில் ஊற்றி, சோடியம் விளக்கு சூடாகும்வரை காத்திருந்து, ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டரில் வைத்தோம்.

ஆரஞ்சு வலப்பக்கம் திரும்பியது. எதிர்பார்த்ததுதான். எலுமிச்சையும் வலப்பக்கம்தான் திரும்பியது.

போலாரிமீட்டரில் ஒரு தந்திரம் உண்டு, அதிகமாக இடப்பக்கம் திரும்பினாலும் சில சமயம் வலப்பக்கம் மாதிரி ஏமாற்றும், ஆகவே கரைசலைப் பாதியாக நீர்த்து மறுபடி பார்க்க வேண்டும். பார்த்தோம். வாசிப்பு பாதியானது, திசை மாறவில்லை. அந்த மாணவி எதுவும் சொல்லவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். அது இன்னும் மோசம்.

ஒரு நியாயமான சந்தேகம் இங்கே வரலாம். நம்மூர் எலுமிச்சை என்பது மேல்நாட்டுப் பாடநூல் சொல்லும் லெமன் அல்ல, லைம் வகை. அப்படியானால் லெமன் எண்ணெய் எப்படி? அதற்கு நான் பரிசோதனை செய்யவே தேவையில்லை, வாசனைத் தொழிலில் பல பத்தாண்டுகளாகத் தர அளவுகள் அச்சில் இருக்கின்றன. 100 மில்லிமீட்டர் குழாயில் ஆரஞ்சு எண்ணெய் +94 முதல் +99 பாகை வரை திருப்ப வேண்டும், லெமன் எண்ணெய் +57 முதல் +65 சொச்சம் வரை. இரண்டும் கூட்டல்தான், அதாவது வலப்பக்கம். கணக்குப் போட்டாலும் ஒத்துவருகிறது: ஆரஞ்சு எண்ணெயில் லிமோனீன் சுமார் 95 விழுக்காடு, லெமனில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்த விகிதத்தில் குறைத்தால் 68 வர வேண்டும், இடஞ்சுழியான பீட்டா பைனீன் லெமனில் பத்து விழுக்காடு அளவில் இருந்து கொஞ்சம் கீழே இழுக்க, அறுபது சொச்சத்தில் வந்து நிற்கிறது. லெமனில் இருப்பது எதிர்க்கை லிமோனீனாக இருந்திருந்தால் கழித்தல் அறுபது, எழுபது என்று வந்திருக்க வேண்டும். எந்தத் தரப் பட்டியலிலும் அப்படி இல்லை. இந்த எண்கள் எனக்குப் புதியவை அல்ல. அந்த வாக்கியத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, இந்தக் குழியில் விழுந்தது நான் மட்டும் இல்லை. நார்வே நாட்டைச் சேர்ந்த லீசே க்விட்டிங்கனும் அவர் சகாக்களும் 2021இல் 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன்' இதழில் இதே விஷயத்தை ஒரு கட்டுரையாகவே போட்டிருக்கிறார்கள். சரிபார்க்கப்படாத மேற்கோள்களின் சங்கிலியா இது என்று தலைப்பிலேயே கேட்டிருக்கிறார்கள். ஆரஞ்சிலும் லெமனிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே கை லிமோனீன்தான், வலஞ்சுழி வகை. ஒரு புத்தகம் எழுதியதை இன்னொரு புத்தகம் எடுத்துப்போட்டு, அதை ஆசிரியர் படித்து, மாணவருக்குச் சொல்லி, அந்த மாணவர் ஆசிரியராகி... சங்கிலியில் என் கண்ணியும் ஒன்று.

அப்படியானால் இடஞ்சுழி லிமோனீன் எப்படித்தான் மணக்கும்? மருந்துப்பொருள் வியாபாரியிடம் சொல்லி இரண்டு கை லிமோனீனையும் சிறு சிறு புட்டிகளாக வரவழைத்தோம். பெயர் மறைத்து, காகிதத் துண்டில் தொட்டு, வகுப்பில் சுற்றவிட்டோம். வலஞ்சுழி வகை லேசாக, சுத்தமாக, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல. மற்றதை முகர்ந்த பிள்ளைகள் சொன்னவை: "பெயின்ட் கடை", "ஆஸ்பத்திரி தரை கழுவுறது", "பைன் மரம்", "டர்பன்டைன்". ஒருத்தர்கூட எலுமிச்சை என்று சொல்லவில்லை. அந்த இடஞ்சுழி லிமோனீன் இயற்கையில் எங்கே இருக்கிறது என்றால் புதினாக் குடும்பத்தில், ஊசியிலை மரங்களில். எலுமிச்சையில் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆரஞ்சு மணம் என்று நாம் நினைப்பதற்கே லிமோனீன் முழுப் பொறுப்பு இல்லை. அளவில் பெரியது அதுதான், ஆனால் ஆக்டனால், டெக்கனால் போன்ற ஆல்டிஹைடுகளும் எஸ்டர்களும் இல்லாவிட்டால் அந்தப் பழம் நம் நினைவில் இருக்கும் ஆரஞ்சாக இருக்காது. எண்ணெயில் எது அதிகம் என்பதும் மூக்கில் எது அதிகம் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.

உண்மையான ஜோடி

இவ்வளவு சொன்ன பிறகு, கண்ணாடி பிம்பத்துக்கும் மணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது, அழுத்தமாகவே இருக்கிறது. நான் சொல்லியிருக்க வேண்டிய உதாரணம் கார்வோன். அதைவிடக் கஷ்டமான விஷயம், அது நம் வீட்டிலேயே இருந்தது.

கொல்லைப்புறப் புதினாவை ஒரு இலை கிள்ளிக் கசக்குங்கள். நம் சந்தைப் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் இனம், அதன் மணத்தைத் தூக்கிப் பிடிப்பது இடஞ்சுழி கார்வோன். இப்போது நாட்டு மருந்துக் கடையில் பத்து ரூபாய்க்குச் சதகுப்பை வாங்கி ஒரு சிட்டிகை கடித்துப் பாருங்கள். அல்லது குழந்தை இருக்கும் வீட்டில் கிரைப் வாட்டர் புட்டியைத் திறந்து முகருங்கள், சதகுப்பை எண்ணெய் சேர்ப்பது அதன் பழைய செய்முறை. அங்கே வருவது வலஞ்சுழி கார்வோன். ஐரோப்பாக்காரர்கள் ரொட்டியில் போடும் கேரவே விதையிலும் இதுவே, எண்ணெயில் பாதி அளவுக்கு. ஒரே வாய்பாடு, பத்துக் கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஒரே ஒரு கைரல் கார்பன். ஒன்று +61 பாகை, மற்றது −61. பிரியாணியில் போடுவது ஒன்று, பிள்ளைக்கு வயிற்று உப்புசத்துக்குக் கொடுப்பது மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மூக்கு ரொம்பக் குறைவு.

இது இப்போது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயமாகத் தெரிகிறது, ஆனால் 1971 வரை சண்டை ஓயவில்லை. சந்தேகப்பட்டவர்களின் வாதம் எளியது, பலமானதும்கூட: புதினா எண்ணெயிலிருந்து பிரித்த கார்வோனில் புதினாவின் வேறு ஏதோ ஒன்று துளி ஒட்டிக்கொண்டிருக்கும், கேரவேயிலிருந்து பிரித்ததில் கேரவேயின் துளி ஒட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் முகர்வது அந்த அழுக்கைத்தான், கார்வோனை அல்ல. மூக்கு எவ்வளவு நுட்பமான கருவி என்று தெரிந்தவர் யாரும் இதை லேசாகத் தள்ள முடியாது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பிடிக்கிற கருவி அது, எந்த வேதியியலாளரின் 'தூய்மை'யும் அதற்கு முன்னால் நிற்காது.

அந்த ஒரே வருடத்தில் மூன்று கட்டுரைகள் வந்தன. கலிபோர்னியாவின் ஆல்பனியில் இருந்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த லைட்டரெக், தெரனிஷி குழு 'நேச்சர்' இதழில் எழுதியது. 'சயன்ஸ்' ஒரே இதழில், அடுத்தடுத்த பக்கங்களில், ரஸலும் ஹில்ஸும் ஒரு கட்டுரை, ஃபிரீட்மனும் மில்லரும் ஒரு கட்டுரை. அழுக்கு வாதத்தை எப்படி உடைப்பது? செடியை விட்டு வெளியே வர வேண்டும். கார்வோனைச் செயற்கையாகத் தயாரித்து, கலவையை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு நிறவரைவியலில் செலுத்திச் சுத்தப்படுத்தி, பிறகு முகரக் கொடுக்க வேண்டும். புதினாச் செடியையே பார்க்காத இடஞ்சுழி கார்வோன் அப்போதும் புதினாவாக மணந்தால், அழுக்கைக் குற்றம் சொல்ல வழியில்லை. அப்படித்தான் மணந்தது.

இந்தச் செயற்கைத் தயாரிப்பில்தான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இருக்கிறது. தொழிற்சாலைகளில் புதினாக் கார்வோன் செய்ய மூலப்பொருள் எது தெரியுமா, ஆரஞ்சுத் தோல். ஜூஸ் ஆலைகளின் கழிவாக வரும் வலஞ்சுழி லிமோனீனை நைட்ரோசில் குளோரைடோடு சேர்த்து, ஆக்சைம் ஆக்கி, அதை நீராற்பகுத்தால் இடஞ்சுழி கார்வோன், அதாவது சூயிங் கம்மின் ஸ்பியர்மின்ட் மணம். கேரவேச் செடியும் இதே வலஞ்சுழி லிமோனீனில்தான் தொடங்குகிறது, ஆனால் அதற்குக் கிடைப்பது வலஞ்சுழி கார்வோன். தொடங்குமிடம் ஒன்று, சேருமிடம் எதிரெதிர். எப்படி? லிமோனீனின் வளையத்தில் இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. செடியின் நொதி ஒரு பக்கத்துக் கார்பனில் ஆக்சிஜனை வைக்கிறது. தொழிற்சாலை வழியிலோ நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பின் மறுமுனையில் ஏறி, பிணைப்பு அடுத்த பக்கம் நகர்ந்துவிடுகிறது. கைரல் கார்பனை யாரும் தொடவே இல்லை, அதைச் சுற்றியிருக்கும் வளையம்தான் திசை மாறிப் படிக்கப்படுகிறது. இதைப் பலகையில் வரைந்து காட்டினால் பத்து நிமிடம் ஆகும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் யாரும் தூங்குவதில்லை. பழைய பொய்யைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

புதினாச் செடி வேறு வழி. அது இடஞ்சுழி லிமோனீனில் தொடங்கி, ஆறாவது கார்பனில் ஆக்சிஜனை வைத்து, இடஞ்சுழி கார்வோனுக்குப் போகிறது. பெப்பர்மின்ட் செடி அதே இடஞ்சுழி லிமோனீனின் மூன்றாவது கார்பனில் வைக்கிறது, அது கடைசியில் மென்தால் ஆகிறது. இரண்டு செடிகளின் நொதிகளுக்கும் நடுவே இருக்கும் வேலி எவ்வளவு மெல்லியது என்றால், ஸ்பியர்மின்ட் நொதியில் 363ஆவது இடத்தில் இருக்கும் ஃபினைல்அலனினை ஐசோலூசினாக மாற்றினாலே அது மூன்றாவது கார்பனுக்குத் தாவிவிடுகிறது. 2000இல் ஷால்க், க்ரோட்டோ இருவரும் காட்டியது. ஒரே ஒரு அமினோ அமிலம்.

மூக்கு எதைப் பார்க்கிறது

மூக்கின் கூரையில் மண மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் புரதங்கள். புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை, நம் உடலில் அந்த அமினோ அமிலங்கள், கையே இல்லாத கிளைசினைத் தவிர, எல்லாம் ஒரே கை. ஆகவே ஏற்பியின் குழிக்கும் கை உண்டு. கோயில் வாசலில் அவசரத்தில் வலது செருப்பை இடது காலில் மாட்டினால் கால் உள்ளே போகும்தான், ஆனால் நடக்கும்போது தெரிந்துவிடும் இல்லையா, அது மாதிரி. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள், 2004இல் நோபல் பரிசு. மனிதருக்கு வேலை செய்யும் ஏற்பி வகைகள் சுமார் 400. ஒரு மணம் ஒரே ஒரு ஏற்பியைத் தட்டுவதில்லை, ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது போல ஒரு கூட்டத்தையே தட்டுகிறது. இரண்டு கார்வோன்களும் சில கட்டைகளைப் பொதுவாக அழுத்தலாம், சிலவற்றில் ஒன்று மட்டும் அழுத்தமாக விழலாம். மொத்த ஒலி மாறிவிடுகிறது.

வடிவம் அல்ல, அதிர்வுதான் மணம் என்று ஒரு கட்சி உண்டு. மால்கம் டைசன் 1938இல் சொன்னதை லூகா டுரின் 1996இல் புதுப்பித்தார்: மூக்கு ஒரு நிறமாலைமானி, மூலக்கூறின் பிணைப்புகள் துடிக்கும் வேகத்தைப் படிக்கிறது என்று. அழகான யோசனை. ஆனால் அதன் தொண்டையில் சிக்கிய முள் கார்வோன்தான். இரண்டு கார்வோன்களின் அதிர்வுகளும் ஒன்றே, அப்படியானால் மணம் ஏன் வேறு? கையைப் பொறுத்து ஏற்பியில் கார்போனைல் தொகுதியின் துடிப்பு எட்டாமல் போகலாம் என்று டுரின் பதில் வைத்திருந்தார். அப்படிச் சொன்ன அந்தக் கணமே வடிவம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்பது என் எண்ணம். 2004இல் கெல்லரும் வாஸ்ஹாலும் டுரினின் கணிப்புகள் சிலவற்றை மனிதர்களிடம் சோதித்தபோது ஒன்றும் தேறவில்லை.

சரி, வடிவம்தான் என்றால் எல்லாக் கண்ணாடி ஜோடிகளும் வேறுவேறாக மணக்க வேண்டுமே? இங்கேதான் பாடநூல் வாய் திறப்பதில்லை. மத்தியாஸ் லாஸ்கா, பீட்டர் டாய்ப்னர் இருவரும் 1999இல் இருபது பேரிடம் பத்து ஜோடிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று புட்டி வைப்பார்கள், இரண்டு ஒன்று, ஒன்று வேறு, வேறாக இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். குழுவாகப் பார்த்தால் பிரித்துச் சொல்ல முடிந்தவை மூன்றே மூன்று: ஆல்ஃபா பைனீன், கார்வோன், லிமோனீன். மென்தால், ஃபென்கோன், ரோஸ் ஆக்சைடு, கற்பூரம், ஆல்ஃபா டெர்பினியால், பீட்டா சிட்ரோனெலால், 2-பியூட்டனால் என்ற ஏழு ஜோடிகளில் தோற்றார்கள். அதாவது பத்தில் ஏழு இடங்களில் வலம்புரியும் இடம்புரியும் மூக்குக்கு ஒரே சங்குதான்.

கற்பூரத்தை நினைத்துப் பார்த்தால் இது நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. மரத்திலிருந்து வடித்த பழங்காலக் கற்பூரம் வலஞ்சுழி. இன்று தட்டில் எரிவது பெரும்பாலும் டர்பன்டைனின் பைனீனிலிருந்து தொழிற்சாலையில் செய்தது, இரண்டு கையும் சம அளவில் கலந்த சுழிமாய்க் கலவை. கற்பூரத்துக்கும் கார்வோன் மாதிரி இரண்டு முகம் இருந்திருந்தால் கோயில் மணமே மாறிப்போயிருக்கும், பாட்டிகள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

ஏன் சிலவற்றில் மட்டும்? 2009இல் ப்ரூக்ஸ், ஹார்ஸ்ஃபீல்டு, ஸ்டோன்ஹாம் மூவரும் ஒரு விதி சொன்னார்கள்: வளைந்து கொடுக்கும் ஆறு கார்பன் வளையம் இருந்தால் இரண்டு கைகளும் வேறாக மணக்க வாய்ப்பு அதிகம், விறைப்பான மூலக்கூறுகள் ஒன்றாக மணக்கும். கார்வோன் வளையும், கற்பூரம் இறுகிய கூண்டு, பொருந்துகிறது. ஆனால் மேலே இருக்கும் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பைனீனும் இறுகிய கூண்டுதான், பிரித்துச் சொன்னார்கள். மென்தால் வளையும், சொல்ல முடியவில்லை. ஓட்டையுள்ள குடம் என்று எனக்குத் தோன்றுகிறது, தண்ணீர் எடுக்கலாம், தூரம் கொண்டு போக முடியாது.

போதாததற்கு மூக்கு கற்றுக்கொள்ளவும் செய்கிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வென் லீ, ஜே காட்ஃபிரீட் குழு 2008இல் ஒரு வேலை செய்தது. பிரித்தறிய முடியாத கண்ணாடி ஜோடி ஒன்றில் ஒரு கையை முகரும்போது மட்டும் காலில் லேசாக மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். சில முறை ஆனதும், அதுவரை ஒன்றாக இருந்த இரண்டு மணங்களை அந்த ஆட்கள் பிரித்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மூக்குக்கு வித்தியாசம் முதலிலிருந்தே எட்டிக்கொண்டிருக்கிறது போல, மனசுதான் அதைச் சட்டை செய்வதில்லை. யானைகளுக்கு ஷாக்கும் தேவைப்படவில்லை, தீனி போதும். 2013இல் வெளியான ஆய்வில் மூன்று ஆசிய யானைகள், கொடுத்த பன்னிரண்டு கண்ணாடி ஜோடிகளையும் ஒன்றுவிடாமல் பிரித்தன. அதிலும் லாஸ்காவுக்குப் பங்கு உண்டு.

சமையலறையில் இன்னொரு ஜோடி இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். லினலூல். கொத்தமல்லி விதையில் இருப்பது பெரும்பாலும் வலஞ்சுழி, லாவெண்டரில் இருப்பது இடஞ்சுழி. முழுத் தனியாவை வெறும் சட்டியில் வறுக்கும்போது சட்டென்று ஒரு பூ மணம் வந்து போகுமே, அது இதுதான். ஆனால் இதை வகுப்பில் சொல்லும்போது இப்போதெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், தனியாவும் லாவெண்டரும் வேறாக மணப்பதற்குக் கை மட்டும் காரணம் இல்லை, எண்ணெயில் மற்றவையும் இருக்கின்றன என்று. எலுமிச்சையில் செய்த தப்பே இதுதான், முழுப் பழத்தின் மணத்தையும் ஒரே மூலக்கூறின் தலையில் கட்டியது. கார்வோனில் மட்டும் அந்தப் பயம் இல்லை. தூய புட்டியைத் திறந்தாலே புதினா புதினாவாக வருகிறது.

அந்த மாணவி படித்து முடித்துப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் எலுமிச்சைக் கதையைத்தான் சொல்கிறேன், பழைய மாதிரியே, முழு நம்பிக்கையோடு. அப்புறம் போலாரிமீட்டரிடம் அனுப்புகிறேன். திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, "வலப்பக்கம் திரும்புச்சு சார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வருடம் எனக்குத் தூக்கம் கெட்டது.

போன பருவத்தில் ஆய்வகக் குளிர்பதனப் பெட்டியில் தண்ணீர் ஒழுகி, இரண்டு கார்வோன் புட்டிகளின் லேபிளும் ஊறிக் கழன்றுவிட்டன. எது எதென்று தெரியவில்லை. போலாரிமீட்டரை எடுத்து வைத்து, சோடியம் விளக்கைப் போட்டுவிட்டு, அது சூடாக எப்படியும் பத்து நிமிடம் ஆகும் என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஆய்வக உதவியாளர் அண்ணன் விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு புட்டியிலும் மார்க்கரால் எழுதி உள்ளே வைத்திருந்தார். ஒன்றில் 'புதினா'. மற்றதில் 'பாப்பா மருந்து'.